தப்பு விடைகளுக்கு ஒரு நோட்டு

பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தசம எண்கள் பாடம் முடிந்ததும் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு சிலிப் டெஸ்ட் வைத்தேன். 3.4 + 2.5 எவ்வளவு என்று ஒரு கேள்வி. நான்கு பையன்கள் 6.3 என்று எழுதியிருந்தார்கள். தப்பு செய்கிறவன் ஆளுக்கொரு தப்பு செய்வான், நாலு பேரும் ஒரே தப்பைச் செய்தால் அது காப்பிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் நாலு பேரையும் எழுப்பி நிற்க வைத்து, யாரைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்டேன். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே, "ஆறு பால் போட்டா ஒரு ஓவர் சார்" என்றான்.

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. கிரிக்கெட்! 3.4 ஓவரோடு 2.5 ஓவரைக் கூட்டினால் ஐந்து ஓவர், ஒன்பது பந்து. ஆறு பந்தை ஒரு ஓவராக மாற்றினால் 6.3. பையன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். நான் பலகையில் வைத்த புள்ளியும் அவன் செல்போனில் ஸ்கோர் பார்க்கும்போது பார்க்கிற புள்ளியும் ஒன்றல்ல என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருக்க வேண்டியது நான். நாலு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அன்றைய பீரியட் முழுக்க ஓவர் கணக்குதான் ஓடியது. வகுப்பே பேசிய நாள் அது. ஒரு ஓவரில் பத்து பந்து இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் மீதி அவர்களே சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்த நாலு பேரும் எனக்குக் கோபம் வராத ஒரு நாளில் இதை எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன்? சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு, பத்துக்கு ஆறு, பதிவேட்டில் ஏற்றிவிட்டு அடுத்த பாடம். பதிவேட்டில் ஆறு என்று இருக்கும், 6.3 என்று எங்கேயும் இருக்காது. இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை 6.3-களைக் கோடு போட்டுக் கடந்திருப்பேனோ.

சரி, அதற்கப்புறம்தான் இந்த நோட்டு. நீள வாட்டில் 31 பெயர்கள், குறுக்கே கேள்வி எண்கள். சரியாக எழுதியிருந்தால் அந்தக் கட்டம் காலி. தப்பாக எழுதியிருந்தால் டிக்கோ குறுக்குக் கோடோ கிடையாது, பிள்ளை எழுதிய அந்தத் தப்பு விடையையே அப்படியே எழுதி வைப்பேன். எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால் ஒரு வட்டம், ஏனென்றால் எழுதாமல் விடுவது வேறு வியாதி, தப்பாக எழுதுவது வேறு வியாதி. எட்டுக் கேள்வி உள்ள டெஸ்டுக்கு இதை நிரப்ப எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எல்லா டெஸ்டுக்கும் செய்வதில்லை, முடியவும் முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் அடுத்த பாடத்துக்கு அஸ்திவாரமான பாடத்துக்கு மட்டும். இதற்கு எக்செல் எல்லாம் வேண்டாம்; எங்கள் ஆங்கில ஆசிரியர் போட்டுத் தருகிறேன் என்றார், எனக்கு நோட்டில் விரலை ஓட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பார்ப்பதுதான் வசதி.

அந்த மேலிருந்து கீழேதான் முக்கியம். இடமிருந்து வலமாக நாம் எப்போதும் பார்க்கிறோம்: இந்தப் பையன் எத்தனை வாங்கினான், எந்த கிரேடு, மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்க்க வேண்டுமா. மேலிருந்து கீழே பார்த்தால் பையன்கள் மறைந்துபோய் என் வகுப்பு தெரிகிறது. ஒரே கேள்வியில் 20 கட்டங்கள் நிறைந்திருந்தால் 20 பேரையும் மெல்லக் கற்போர் என்று எழுதவா முடியும்?

மதிப்பீடு நமக்குப் புதிதல்ல. 2012-13-ல் வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கிற முப்பருவ முறை வந்தபோதே, பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் பரீட்சையாக வைக்கிற தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தாகிவிட்டது. வளரறி என்ற சொல்லே அழகானது, வளர்வதை அறிவது, அறிந்து வளர்ப்பது, எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். நானோ அந்த 40-ஐ மொத்தத்தில் சேர்க்கிற 40-ஆக மட்டும்தான் பல வருடம் நடத்தினேன். தொடக்க வகுப்புகளில் 2022-ல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தபோது, பிள்ளைகளின் கற்றல் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்தார்கள். வகுப்பு எதுவாக இருந்தாலும் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்பதுதான் அதில் உள்ள நல்ல விஷயம். தமிழில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டாக இருக்கலாம். ஆனால் என் தோழி ஒருவர் காரிமங்கலம் பக்கம் தொடக்கப் பள்ளியில் இருக்கிறார், அவர் வகுப்பில் பிள்ளைகள் சண்டை போட்டால் "போடி அரும்பு" என்று திட்டுகிறார்களாம். சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. நிலை என்பது இன்றைக்கு மட்டும்தான் என்று பெரியவர்கள் நடந்து காட்டவில்லை என்றால் அது பட்டப்பெயராகிவிடும்.

நோட்டின் இரண்டாவது பாடம் தராசு. 2.35, 2.5 இவற்றில் எது பெரியது என்ற கேள்விக்கு 13 பேர் 2.35 என்றார்கள். 35 பெரியது, 5 சிறியது. சேனைக்கிழங்கு மாதிரி பழைய தப்பு, எல்லா ஊரிலும் விளையும். ஆனால் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தக்காளி. இரண்டரைக் கிலோவுக்கும் இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராமுக்கும் எது அதிகம் என்று வாயால் கேட்டால் ஒருவன்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. எழுதினால் மட்டும் தப்பு. பள்ளிக்கு எதிரே உள்ள மளிகைக் கடை அண்ணனிடம் எலக்ட்ரானிக் தராசை ஒரு மணி நேரம் கடன் வாங்கி மேசை மேல் வைத்தேன். வெங்காயத்தை ஏற்றி இறக்கி 2.350 வர வைத்தோம், அப்புறம் 2.500. அந்த இரண்டு பூச்சியங்களைப் பார்த்ததும் "ஓ" என்று ஒரு சத்தம். மறு டெஸ்டில் 13 பேர் 3 ஆனார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்தி அன்று பள்ளிக்கே வரவில்லை. அதனால் இப்போது வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நோட்டைப் பார்க்கிறேன். ஜூனில் பள்ளி திறந்தும் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வேலைக்குப் போன குடும்பங்கள் சில திரும்பியிருக்காது, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நான் எடுத்த பாடம் புரியாமல் போனதும் நான் எடுத்தபோது பிள்ளை இல்லாமல் போனதும் மதிப்பெண்ணில் ஒரே மாதிரிதான் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு வலித்தது. ஒரு வாக்கியக் கணக்கு: கண்ணனிடம் 45 மாங்காய்கள் உள்ளன, இது ராணியிடம் இருப்பதைவிட 12 அதிகம், ராணியிடம் எத்தனை? ஏழாம் வகுப்புக்கு இது ஒரு கணக்கா என்று நினைத்துத்தான் போட்டேன். 19 பேர் 57. இங்கே நிறைய வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம். மொழிதான் பிரச்சினை என்று எனக்கு உடனே ஒரு காரணம் கிடைத்துவிட்டது, நிம்மதியாகவும் இருந்தது. சோதித்துப் பார்க்கலாம் என்று தெலுங்கு வீட்டுப் பெண் ஒருத்தியை அதே கணக்கைத் தெலுங்கில் சொல்லச் சொன்னேன். அவள் எக்குவ, அதாவது அதிகம், என்று சொல்லி முடிப்பதற்குள் தெலுங்குப் பிள்ளைகள் 57 என்று கத்தினார்கள். ஏன் கூட்டினீர்கள் என்றால், "அதிகம்னா கூட்டணும்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

சொன்னேன்தான். அதிகம், மொத்தம் என்றால் கூட்டு, மீதி, குறைவு என்றால் கழி. ஆறாம் வகுப்பிலும் இவர்களுக்கு நான்தான் கணக்கு. பரீட்சைக்கு முன்னால் பலகையில் இரண்டு வரிசையாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன், அப்போது அது நன்றாகவே வேலை செய்தது, நிறையப் பேர் பாஸானார்கள். என் 57 அது.

அந்தச் சொல்லையும் கூட்டலையும் பிரிக்கத்தான் இப்போது பாடுபடுகிறேன். எண்களே இல்லாமல் கணக்கு கொடுக்கிறேன்: கண்ணனிடம் கொஞ்சம் மாங்காய் இருக்கிறது, ராணியைவிட அதிகம், யாரிடம் குறைவு? படம் போடு, நீளக் கோடு யாருக்கு, குட்டைக் கோடு யாருக்கு? எண் இல்லாவிட்டால் கூட்ட முடியாது அல்லவா, அதனால் வேறு வழியில்லாமல் படிக்கிறார்கள்.

இன்னொன்றும் முயற்சி செய்தேன். ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1988-ல் வந்தது. விடைத்தாளில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள், மதிப்பெண் மட்டும் கொடுத்தவர்களும் மதிப்பெண்ணோடு குறிப்பும் சேர்த்துக் கொடுத்தவர்களும் அப்படி முன்னேறவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டால் குறிப்பை யார் படிப்பது? நானும் ஒரு டெஸ்டில் மதிப்பெண் போடாமல், "புள்ளிக்குப் பின்னால் உள்ள முதல் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்" என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் உண்மையிலேயே படித்தார்கள், பக்கத்துப் பையனின் தாளையும் சேர்த்துப் படித்தார்கள். மறுநாள் காலை ஓர் அம்மா பள்ளி வாசலில் நின்றார். "சார், எழுதினதெல்லாம் இருக்கட்டுங்க, பையன் எத்தனை மார்க்குங்க?" பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்துக்கு ஏழு என்றேன். பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் மாங்காய்க் கணக்கை ஆட்டுக்குட்டிக் கணக்காக மாற்றி மறுபடி வைத்தேன். 19 பேர் 9 ஆகியிருக்கிறார்கள். நாளை மூன்றாவது பீரியடில் அந்த 9 பேரைத் தரையில் வட்டமாக உட்கார வைத்துப் படம் போடச் சொல்வதாகத் திட்டம். மீதி 22 பேருக்கு அந்த நாற்பது நிமிடம் என்ன வேலை கொடுப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை. சும்மா உட்கார வைத்தால் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்துவிடுவார். அந்த ஓவர் கணக்குப் பையனை விட்டுக் கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்லலாமா என்று ஓர் யோசனை இருக்கிறது.