வெர்கோர், 1944 ஜூலை

ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குப் போகச் சொல்லி 1943-ல் சட்டம் வந்ததும், தப்பி ஓடிய பிரெஞ்சு இளைஞர்கள் பலர் கிரெனோபிள் நகருக்குப் பக்கத்திலிருக்கும் வெர்கோர் மலையில் ஏறிப் போராளிகளானார்கள். 1944 ஜூலை 3-ல் அங்கே சுதந்திரக் குடியரசே அறிவித்துவிட்டார்கள்! 14-ம் தேதி பட்டப்பகலில் அமெரிக்க விமானங்கள் பாராசூட்டில் ஆயுதம் போட்டன. கெஞ்சிக் கேட்ட கனரக ஆயுதம் மட்டும் வரவில்லை. நேச நாட்டு விமானங்களுக்காக வாஸ்யூ கிராமத்தில் ஓடுதளம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். 21-ம் தேதி அங்கே வந்து இறங்கியவை படைவீரர்களை ஏற்றிவந்த ஜெர்மன் கிளைடர்கள் (எஞ்சின் இல்லாத விமானங்கள்).

அப்புறம் லுயிர் குகை. அங்கே ஒளித்து வைத்திருந்த காயம்பட்ட போராளிகளைக்கூட ஜெர்மானியர்கள் விடவில்லை, சுட்டுக் கொன்றார்கள். செவிலியர்களை ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

உதவி வராவிட்டால் லண்டனிலும் அல்ஜியர்ஸிலும் இருக்கும் நேச நாட்டு, சுதந்திர பிரெஞ்சுத் தலைவர்களைக் குற்றவாளிகள், கோழைகள் என்றுதான் சொல்வோம் என்று தந்தி அனுப்பினார் தலைவர் யூஜின் ஷவாந்த். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது என்றே நினைக்கிறேன்.