நெடுந்தீவுப் பதிவேட்டில் அம்மாவைத் தேடிய கதை

அம்மாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஏழு மாதம் அலைந்தோம். அதில் நான்கு மாதம், "பதிவு இல்லை" என்று ஒருவர் சொன்னதை நான் அப்படியே நம்பியதால் போனது. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் பிறந்து, இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த தாய் தகப்பன் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

அம்மா 1957இல் தீவில் பிறந்தவ. கலியாணம் முடித்து யாழ்ப்பாணம் வந்தவ. 1995 இடப்பெயர்வில் வீட்டிலிருந்த பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. அடையாள அட்டை ஒன்று கையில் இருந்ததால் இவ்வளவு காலமும் குறை தெரியவில்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சியிடம் அனுப்புவதற்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோதுதான் பிறப்புப் பத்திரத்தின் தேவை வந்தது.

யாழ்ப்பாணப் பக்கம் நான் முதலில் போன அலுவலகத்தில், அம்மாவின் அடையாள அட்டைப் பெயரைக் கணினியில் அடித்துப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இல்லை. உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போடுங்கோ."

"நெடுந்தீவில கேட்டுப் பாக்கலாமோ ஐயா?"

"இதில இல்லாட்டி அங்கயும் இல்லை. என்னத்துக்குக் கடல் கடந்து போறியள்?"

அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்தேன். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சான்றிதழுக்காக அலைந்தேன். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்தேன், கிராம அலுவலரின் கடிதம் வாங்கினேன், அம்மாவை அறிந்த முதியவர்களிடம் ஒப்பம் வாங்கினேன். நான்கு மாதம் கழித்து அந்தக் கோவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அங்கிருந்த வேறொரு அலுவலர் முதல் தாளைப் புரட்டியதுமே கேட்டா: "பிறந்த இடத்துப் பதிவேட்டில தேடின முடிவு எங்க?" அவதான் விளங்கப்படுத்தினா. எந்தப் பிரதேச செயலகத்திலும் பத்திரம் எடுக்கலாம் என்கிற வசதி 1960க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான். அம்மா 1957. அவவின் பதிவு அந்தக் கணினியில் இருந்திருக்கவே முடியாது. இதை முதல் நாளே சொல்ல ஒரு வசனம் போதும். நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

முதல் பயணம் ஆடி மாதம். விடியப் பேருந்தில் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவானுக்குப் போய் இறங்கினால் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் முழுக்க வெள்ளை நுரை. நெடுந்தீவுப் படகு இல்லை என்று விட்டார்கள். நயினாதீவுப் படகுகள் பக்கத்திலேயே போய் வந்துகொண்டிருந்தன. அது கூப்பிடு தூரம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் திறந்த கடலில் போகவேண்டும். அம்மா இறங்குதுறையில் கொஞ்ச நேரம் தீவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றா, பிறகு ஒன்றும் பேசாமல் பேருந்தில் ஏறினா. இதைத் தவிர்க்க ஒரே வழி, முதல் நாள் இரவே தீவில் இருக்கும் யாருக்காவது தொலைபேசி எடுத்துக் காற்று எப்படி என்று கேட்பதுதான். சோளகக் காலத்தில் அவசரம் இல்லாவிட்டால் போகவே வேண்டாம். துறையில் இரண்டு தீவுக்கும் ஆட்கள் நிற்பார்கள், எந்த வரிசை என்று கேட்டு நில்லுங்கள். நயினாதீவுப் படகைத் தவறவிட்டால் அடுத்தது வரும். நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு.

இரண்டாம் முறை காற்று விழுந்த பிறகு, ஒரு புதன்கிழமை பார்த்துப் போனோம். பொதுமக்கள் தினத்தில் போனால் அலுவலர்கள் வெளிக்கள வேலைக்குப் போகாமல் கதிரையில் இருப்பார்கள். படகில் அம்மா கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. 1985 மே 15இல் இதே கடலில் ஓடிய குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களில் அவவுக்குத் தெரிந்த முகங்கள் உண்டு. அந்தக் கடலைக் கடக்கும்போது நானும் அவவோடு கதை கொடுக்கவில்லை.

மாவிலித்துறையில் இறங்கி ஓட்டோ பிடித்து நேரே பிரதேச செயலகம். பதிவு எண் தெரியாது என்பதால் தேடுவதற்கு விண்ணப்பம் நிரப்பினோம். அம்மாவின் பெயர் நாகேஸ்வரி. 1957இல் அந்தப் பெயரில் பிள்ளை இல்லை. எனக்குக் கால் சோர்ந்துவிட்டது. பதிவேட்டை வைத்திருந்த அக்கா விடவில்லை. "அம்மா, உங்கட அப்பாவின்ர பேர் என்ன? அம்மாவின்ர பேர்?" கேட்டுவிட்டுத் தகப்பன் பெயர் நிரலில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினா. மூன்றாவது பக்கத்திலோ நான்காவதிலோ விரல் நின்றது. தாத்தாவின் பெயர், ஆச்சியின் பெயர், திகதி எல்லாம் சரி. பிள்ளையின் பெயர் மட்டும் நாகம்மா.

"அது எங்கட பெரியாச்சியின்ர பேர்," என்றா அம்மா. "அதைத்தான் முதல் வச்சவை எண்டு ஆச்சி சொல்லுறவ. பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்கதான் நாகேஸ்வரி எண்டு குடுத்தது." அறுபத்தெட்டு வயதில் தன் பிறப்பு எழுதியிருந்த தாளை முதன்முதலாகப் பார்த்தா. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தா.

ஆகவே பழைய பதிவு தேடுகிறவர்கள் பிள்ளையின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். தாய் தகப்பன் பெயரால் தேடச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் உரியவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா பக்கத்தில் இல்லாமல் நான் தனியாகப் போயிருந்தால் நாகம்மா யாரென்று எனக்குத் தெரிந்திருக்காது.

அடையாள அட்டையில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர் என்றால் கடவுச்சீட்டுக்கு உதவாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ்ப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அதற்குப் பாடசாலை ஆதாரம் இருந்தால் பலம் என்றும் சொன்னார்கள். அப்போது மதியம் தாண்டிவிட்டது, பின்னேரப் படகுக்கு அதிக நேரம் இல்லை. அதே ஓட்டோவில் கல்வேலிகளுக்கு நடுவே அம்மா படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பழைய சேர்வு இடாப்பு இருந்தது. அதில் நாகேஸ்வரி, அதே பிறந்த திகதி. அதிபர் கையோடு கடிதம் எழுதித் தந்தார். படகு கயிறு அவிழ்க்க முன்னம் துறைக்கு வந்து சேர்ந்தோம். அந்தக் கடிதம் கிடைக்காமல் போயிருந்தால் அதற்கென்றே இன்னொரு முறை கடல் கடந்திருக்க வேண்டும்.

தீவில் இருக்கும் சனத்துக்கு இது ஒரு நாள் கதை இல்லை. அக்கரையில் ஒரு ஒப்பம் வேண்டுமென்றாலும் அவர்களுக்கு ஒரு பகல் போய்விடும், காற்று எழும்பினால் இரவும் போய்விடும். "நாளைக்கு வாங்கோ" என்று சொல்கிறவர்கள், முன்னால் நிற்கிறவர் எங்கிருந்து வந்தவர் என்று ஒருக்கால் கேட்டால் நல்லது.

மூன்றாவது பயணம் விண்ணப்பம் கொடுக்க. அடையாள அட்டை, அதிபரின் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு பிரதிகள் யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்கொண்டு போனோம். ஒரு தாளையும் குறை சொல்லித் திருப்பவில்லை. அலுவல் வெள்ளென முடிந்ததால் அம்மா சாராப்பிட்டிக் கிணற்றடிக்குப் போகவேண்டும் என்றா. சின்ன வயதில் குடம் சுமந்த வழியாம். ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்து வந்தா.

நேற்றுக் கைக்கு வந்த திருத்திய பிரதியைக் கொண்டுபோய்ப் படியெடுத்தேன். பதிவு எண்ணையும் திகதியையும் தங்கச்சிக்கு அனுப்பினேன், என் கொப்பியில் எழுதினேன், அம்மா தன் அடையாள அட்டைக் கவருக்குள் ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறா. கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க நாளைக்கு ஸ்ரூடியோவுக்குப் போகிறோம்.