திரும்பி வந்த ஹீலியோஸ்: பழைய லென்ஸ் விற்பவர்கள் கவனத்துக்கு

ஈபேயில் நான் விற்ற ஒரு பழைய லென்ஸின் ரிட்டர்ன் கேஸ் நேற்றுதான் மூடப்பட்டது. பார்சல் கடைக்கு மூன்று நடை, தூக்கம் கெட்ட ஒரு வார இறுதி. கடைசியில் பணம் தப்பியது. பிரிட்டனில் இருந்துகொண்டு ஈபேயில் பழைய கேமரா, லென்ஸ் விற்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். படம் எடுப்பது, விலை வைப்பது, பொதிவது எல்லாம் உங்களுக்கே தெரியும். பொருள் திரும்பி வரும்போது எங்கே சறுக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பொருள் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. குவியத் தூரம், எம்42 திருகு மவுண்ட் (கேமராவில் மாட்டும் பகுதி) கொண்ட சோவியத் லென்ஸ். பெற்றுக்கொண்ட ஆறாம் நாள் வாங்கியவர் ரிட்டர்ன் கோரிக்கை போட்டார். காரணம்: 'வேலை செய்யவில்லை, பழுது'. கூடவே ஒரே வரி: தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகவில்லை.

இந்தக் காரணப் பட்டியலில் எதைத் தொடுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 'மனம் மாறிவிட்டது' என்றால், ரிட்டர்ன் கிடையாது என்று போட்டிருக்கும் தனி ஆள் மறுக்கலாம். 'பழுது' என்றோ 'விவரத்தில் சொன்னபடி இல்லை' என்றோ தொட்டால் அந்த வாசகத்துக்கு மதிப்பில்லை. திருப்பி அனுப்பும் தபால் செலவும் நம் தலையில். பொருள் கிடைத்ததிலிருந்து 30 நாள் வரை அவர்கள் இதைச் செய்யலாம். சட்டமும் கிட்டத்தட்ட இதே திசைதான். 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை 2013-ன் நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் வருகிறது. அது வியாபாரமாக விற்பவர்களிடம் வாங்கும்போது மட்டும். வீட்டில் கிடந்ததை விற்கும் தனி ஆளுக்கு அது பொருந்தாது. ஆனால் பொருள் விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது தனி ஆளுக்கும் உண்டு. விற்பதற்கென்றே வாங்கிச் சேர்த்து மாதாமாதம் விற்பவர்கள் தங்களைத் தனி ஆள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தக் கணக்கை முதலிலேயே சரியாக வையுங்கள்.

கோரிக்கை வந்ததிலிருந்து பதில் சொல்ல மூன்று வேலை நாள். அது தாண்டினால் வாங்கியவர் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். அதனால் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டேன்: எந்தக் கேமரா, லென்ஸை அதோடு இணைக்கும் அடாப்டர் எது, படம் அனுப்ப முடியுமா? வந்த படத்தில் நிக்கான் டிஎஸ்எல்ஆர். நடுவில் கண்ணாடி இல்லாத வெறும் வளைய அடாப்டர்.

லென்ஸில் பழுதே இல்லை. எம்42 லென்ஸ் தன் மவுண்டிலிருந்து 45.46 மி.மீ. தூரத்தில் பிம்பம் விழும்படி செய்யப்பட்டது. நிக்கான் எஃப் மவுண்டுக்கு அந்தத் தூரம் 46.5 மி.மீ. ஆக லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கிறது. 58 மி.மீ. லென்ஸுக்கு ஒரு மி.மீ. தள்ளினாலே சுமார் மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. அடாப்டர் வளையத்தின் தடிமன் இன்னொரு மி.மீ. சேர்ந்தால் ஒன்றரை, ஒன்றேமுக்கால் மீட்டரோடு சரி. கேனான் இஎஃப் மவுண்டில் இந்தத் தொல்லை இல்லை. அதன் தூரம் 44 மி.மீ., அடாப்டருக்கு இடம் இருக்கிறது. உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இடம் தாராளம். பழைய கேனான் எஃப்டி லென்ஸுக்கு 42 மி.மீ.தான், அதை இஎஃப் கேமராவில் போட்டால் இதே புகார் வரும்.

இதை நாலு வரியில் மரியாதையாக எழுதி அனுப்பினேன். அவர் ஏற்கவில்லை. அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு விளக்கத்துக்கு மேல் எழுதினால் அது வாக்குவாதம் ஆகிவிடும். பின்னால் அந்த உரையாடலைப் படிப்பவர் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். இன்னொரு பக்கம், என் விவரத்தில் 'நிக்கானுக்கு ஆகாது' என்ற வரி இல்லாதது என் குறைதான். 'எம்42 மவுண்ட்' என்று போட்டால் போதும் என்று நினைத்தது தப்பு. ரிட்டர்னை ஏற்றுக்கொண்டு, பார்சலில் ஒட்டும் முகவரி லேபிளை அனுப்பினேன்.

இதற்கு முந்தைய நாள் அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பாதிப் பணத்தை பேபாலில் போட்டுவிட்டால் லென்ஸை வைத்துக்கொள்கிறேன் என்று. இதைச் செய்யவே செய்யாதீர்கள். பகுதிப் பணம் கொடுக்க ரிட்டர்ன் பக்கத்திலேயே வழி இருக்கிறது. வெளியே கொடுத்த பணம் கேஸ் கணக்கில் வராது. கொடுத்ததும் போய், முழுத் தொகையும் மறுபடி போகும். பேச்சு முழுவதும் ஈபே மெசேஜிலேயே இருக்கட்டும். வாட்ஸப்புக்கு வாருங்கள் என்றால் மறுத்துவிடுங்கள்.

லேபிள் அனுப்பும்போது எப்படிப் பொதிய வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து அனுப்புவது நல்லது: இரண்டு மூடியும் போடவும், குமிழ்த்தாளில் இரண்டு சுற்று, பெட்டிக்குள் ஆடக்கூடாது. சொல்லியும் அவர் ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டார். ஆனால் நான் சொன்னது பதிவில் இருந்தது, அது உதவியது.

பெரிய அலைச்சல் அடுத்துதான். பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் ஆள் இல்லை என்று கூரியர்காரர் பக்கத்துப் பார்சல் கடையில் போட்டுவிட்டார். டிராக்கிங்கில் 'டெலிவரி ஆனது'. அந்த ஒரு சொல் விழுந்ததும் நமக்கு மணி ஓட ஆரம்பிக்கிறது: பொருள் திரும்பி வந்த பின் இரண்டு வேலை நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், அல்லது பிரச்சினை என்று முறையிட வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் பணம் தானாகவே வாங்கியவருக்குப் போய்விடக்கூடும்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனால் கவுண்டரில் இருந்தவர் தரமாட்டேன் என்றார். லேபிளில் பெறுபவர் பெயர் என்று இருந்தது என் பெயர் இல்லை. கணக்கு தொடங்கிய காலத்தில் ரிட்டர்ன் முகவரியில் போட்டு வைத்த கடைப்பெயர் மாதிரியான ஒன்று. கையில் இருந்த ஓட்டுநர் உரிமத்தில் வேறு பெயர். முகவரி ஒன்றுதானே, டிராக்கிங் எண்ணும் போனில் இருக்கிறதே என்று காட்டினேன். பெயர் பொருந்த வேண்டும் என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கள் பொது விடுமுறை, கடை மூடல். செவ்வாய் மதியம், கணக்கு விவரப் பக்கத்தையும் ரிட்டர்ன் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பெயரை ஒத்துக்கொண்டார்கள், ஆனால் பின்னறைச் சாவி வைத்திருப்பவர் நான்கு மணிக்குத்தான் வருவாராம். நான்கரைக்கு மூன்றாம் நடை. அப்போதுதான் கைக்கு வந்தது. வார இறுதியும் பொது விடுமுறையும் வேலை நாள் கணக்கில் சேராததால் புதன்கிழமை வரை நேரம் இருந்தது. விடுமுறை இல்லாத வாரமாக இருந்திருந்தால் செவ்வாயோடு முடிந்திருக்கும்.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று: கணக்கு அமைப்பில் ரிட்டர்ன் முகவரியைத் திறந்து, அடையாள அட்டையில் இருக்கிறபடி பெயரை மாற்றுங்கள். அனுப்பும் முகவரியை மாற்றினால் ரிட்டர்ன் முகவரியும் மாறிவிடும் என்று நம்பாதீர்கள், இரண்டும் தனித்தனி.

பார்சலைப் பிரிக்கும்போது ஒரே தொடர் வீடியோ. முதலில் லேபிள், அடுத்து நான்கு பக்கமும் டேப் அறுபடாமல் இருப்பது, பிறகு சமையலறைத் தராசில் எடை, அதன்பிறகே கத்தி. நடுவில் நிறுத்தினால் அந்த வீடியோவுக்கு மதிப்பு பாதியாகிவிடும். உள்ளே இருந்ததை மட்டும் எடை போட்டால் 241 கிராம். அனுப்பும்போது மூடிகளோடு 252. குறைந்த 11 கிராம் பின்மூடி. அது வரவே இல்லை.

சீரியல் நம்பர் அதேதான். வேறு லென்ஸை மாற்றி அனுப்பவில்லை. பொதுவாக எல்லோரும் சீரியல் நம்பரோடு சோதனையை முடித்துக்கொள்கிறார்கள், அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஹீலியோஸின் ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி மூன்று சிறு திருகுகள் உண்டு. விற்கும் முன் ஒவ்வொன்றின் மேலும், பாதி திருகிலும் பாதி வளையத்திலும் படும்படி, சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து, அதை அருகில் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். பழுதுபார்ப்பவர்கள் திருகு அசைந்ததா என்று அறிய வைக்கும் அடையாளம் இது. திரும்பி வந்த லென்ஸில் இரண்டு சொட்டுகள் நடுவில் பிளந்திருந்தன. மூன்றாவதில் சொட்டே இல்லை. திருகின் வெட்டில் கறுப்பு போய் வெள்ளை உலோகம் பளிச்சென்று தெரிந்தது. வளையத்தைக் கடைசி வரை திருப்பினால், மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறி (∞) கோட்டுக்கு நேரே நிற்காமல் நாலு மி.மீ. தாண்டிப் போய் நின்றது. நிக்கானில் தூரம் தெளிய வைக்க வளையத்தைக் கழற்றி நகர்த்திப் பார்த்திருக்கிறார்.

அன்றிரவே பணத்தைக் கொடுத்துத் தொலைக்கலாமா என்ற நினைப்பு வந்தது உண்மை. கொடுத்துவிட்டால் அதன்பின் முறையிடுவது மிகவும் கடினம். பொருளைச் சேதப்படுத்தி அனுப்பியிருந்தால் பணத்தைத் தொடும் முன்பே ரிட்டர்ன் பக்கத்தில் பிரச்சினையைப் பதிவு செய்ய வேண்டும். அதில் நீளமாக எழுதிப் பயனில்லை. நான் கொடுத்தது நான்கு படம், ஐந்து வரி: விற்கும் முன் திருகு, இப்போது அதே திருகு, அதே கோணம், அதே அளவு, விற்கும் முன் முடிவிலிக் குறி, இப்போது. வரிகளில் தேதி, எடை, காணாமல் போன மூடி, அவரே அனுப்பிய நிக்கான் படம். 'ஏமாற்றுக்காரர்' போன்ற சொல் எதுவும் இல்லை. புதன் மதியம் அனுப்பினேன். கேஸ் என் பக்கம் முடிந்தது. ஒருவேளை எதிராக முடிந்திருந்தாலும் கேஸ் மூடிய 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் இதே படங்கள்தான் வேண்டும்.

எல்லா ரிட்டர்னுக்கும் இப்படி மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. பூஞ்சை என்று புகார் வந்தால் முதலில் லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து எடுத்த உங்கள் படத்தைப் பாருங்கள். கிளை கிளையாக நூல் மாதிரி இருந்தால் பூஞ்சை. அவர் சொல்வது சரி, உடனே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். தனித்தனிப் புள்ளி என்றால் தூசி, அந்த லென்ஸில் எடுக்கும் படங்களில் அது தெரியாது. டார்ச் படமே எடுக்காமல் 'கண்ணாடி சுத்தம்' என்று எழுதியவருக்குப் பேச இடமில்லை. சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற தோரியம் கலந்த கண்ணாடி லென்ஸ்கள் வருடக்கணக்கில் மஞ்சள் ஏறிவிடும். புற ஊதா விளக்கில் சில நாள் வைத்தால் தெளியும். தெளிய வைத்து விற்கலாம். இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் வைத்து எடுத்த படத்தோடு 'மஞ்சள் உண்டு' என்று எழுதி விற்கலாம். ஹீலியோஸ் 44-2 பற்றி இன்னொரு புகார், 'அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) தானாக மூடவில்லை' என்பது. அது கையால் மூட வேண்டிய பழைய முறை லென்ஸ். தெரியாமல் வாங்குகிறார்கள். ஒரு வரி எழுதினால் ஒரு ரிட்டர்ன் மிச்சம்.

லென்ஸைச் சரி செய்ய அரை மணி நேரம் ஆனது. எம்42 கேமராவில் மாட்டி, மூன்று திருகையும் தளர்த்தி, தொலைவில் தெரியும் ஒரு புகைபோக்கியின் விளிம்பு தெளியும் இடத்தில் முடிவிலிக் குறியைக் கோட்டுக்கு நேரே வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றையே முழுதாக இறுக்கினால் வளையம் கோணிக்கொள்ளும். பழுது பார்த்ததையும் விவரத்தில் சொல்லியே மறுபடி விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். முதல் வரி: 'நிக்கான் டிஎஸ்எல்ஆரில் வெறும் வளைய அடாப்டரோடு தூரம் ஃபோகஸ் ஆகாது.' திருகுகளில் இந்த முறை பச்சைச் சொட்டு, மூன்றும் வேறு வேறு வடிவத்தில். ஒவ்வொன்றின் ஓரமும் தெரிகிற அளவுக்கு நெருங்கி எடுத்த படம், சீரியல் நம்பர் பெயரிட்ட கோப்புறையில் இருக்கிறது.