செல்ஃப் எடுக்காது தம்பி

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக தேவகோட்டை போகணும்னு காரைக்குடி பஸ் ஸ்டாண்ட்ல நின்னுட்டு இருந்தேன், கூட அப்பத்தா. எங்களுக்கு முன்னாடி ஒரு பழைய வண்டி நிக்குது, டிரைவர் டீக்கடையில, இன்ஜின் மட்டும் தடதடன்னு ஓடிட்டே இருக்கு, பத்து நிமிஷத்துக்கு மேல இருக்கும். கஞ்சி போட்டு எடுத்து வச்சிருந்த என் வெள்ளை வேட்டி அந்த சைலன்சருக்கு நேரா. அப்பத்தா முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு "இது என்னப்பா பஸ்ஸா, செங்கச் சூளையா"ன்னுச்சு.

2025 ஜூன் கடைசியில சென்னையில வியாசர்பாடி டிப்போவுல 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்கள்ல, அதுல ஒருதடவை போனேன். பின்னாடி ஒட்டி நின்னாலும் நெடியே இல்ல, சத்தமும் இல்ல, வண்டி கிளம்பினதே கம்பியைப் பிடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்காக சென்னை காத்து சுத்தமாயிடுச்சான்னா, எங்க! பைக்கு, லாரி, கட்டட தூசி எல்லாம் அப்படியேதான் இருக்கு, எலக்ட்ரிக் பஸ்ஸுலயும் டயரும் பிரேக்கும் தேஞ்சு பொடி பறக்கத்தான் செய்யும், கரண்டுலயும் பெரும்பகுதி நிலக்கரியிலதான் வருது. டெல்லியில 1998-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டு 2002 கடைசிக்குள்ள டவுன் பஸ் பூராவையும் சிஎன்ஜிக்கு, அதான் அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயுவுக்கு, மாத்தினாங்க, அந்தக் கரும்புகை போச்சு, ஆனா வண்டிங்க பெருகிப் பெருகி இன்னைக்கும் குளிர்காலம் வந்தா அந்த ஊர் மூச்சு முட்டுது.

ஆனா ஊர் மொத்தத்துக்கும் எவ்வளவு குறையுதுங்கிறது ஒரு கணக்கு, சைலன்சர்லேர்ந்து ரெண்டடி தள்ளி நிக்கிற ஆளுக்கு எவ்வளவு குறையுதுங்கிறது வேற கணக்கு, எனக்கு ரெண்டாவதுதான் பெருசாப் படுது. டீசல் புகை கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-லயே சொல்லிடுச்சு. அனல் மின்நிலையத்து புகைபோக்கி எங்கயோ உசரத்துல இருக்கு, பஸ்ஸோட குழாய் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மூக்குக்கிட்டயே இருக்கு. எலக்ட்ரிக்கே வேணும்னு கூட இல்ல, 2020 ஏப்ரல்லேர்ந்து வர்ற பிஎஸ் 6 வண்டியில, அதான் புது புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செஞ்ச வண்டியில, புகைக்கரியைப் பிடிக்க ஃபில்டர் இருக்கு, டீசல்லயும் கந்தகத்தை பத்து லட்சத்துல 50 பங்குலேர்ந்து 10 பங்குக்கு இறக்கிட்டாங்க, அதுவே பழசுக்குப் பக்கத்துல சொர்க்கம்.

இதுல கொடுமை என்னன்னா காரைக்குடி, சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் அள்ளிக் குடுத்து, 1948-ல நேரு வந்து அடிக்கல் நாட்டின இடம், லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியெல்லாம் அங்க நடக்குது. அந்த ஊர் பஸ் ஸ்டாண்ட்லதான் நான் டிரைவர்ட்ட போயி "அண்ணே, வண்டி எடுக்கிற வரைக்கும் கொஞ்சம் ஆஃப் பண்ணி வைக்கலாம்ல"ன்னு கேட்டேன்.

"பேட்டரி வீக்கு தம்பி, ஆஃப் பண்ணா செல்ஃப் எடுக்காது, நீங்க தள்ளுவீங்களா?"

நான் வாயத் திறக்கறதுக்குள்ள அப்பத்தா, "தள்ளுவான் தள்ளுவான், நீ மொதல்ல ஆஃப் பண்ணுப்பா"ன்னுச்சு.