ஈறு நோயும் வாய்நாற்றமும்: சிகிச்சை நடக்கும் வரிசையில்

கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஃப்ளாஸ் நூலை ஒருமுறை விட்டு எடுங்கள். அரை நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். வாடை குப்பென்று அடித்து, நூலில் ரத்தமும் ஒட்டியிருந்தால், பிரச்சினை பெரும்பாலும் ஈறில்தான். நம் வாய்நாற்றம் நமக்குத் தெரியாது, மூக்கு அதற்குப் பழகிவிடும். அதனால்தான் பலரும் வயிற்றுக்கு மருந்து தின்று நாளைக் கடத்துகிறார்கள். வாய்நாற்றத்தில் பெரும்பங்கு வாய்க்குள்ளேயே உண்டாவது.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இயல்பாகவே 1 முதல் 3 மி.மீ. ஆழத்தில் ஓர் இடுக்கு உண்டு. ஈறு வீங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் எலும்பும் கரையத் தொடங்கினால் அது 5, 6 மி.மீ. பள்ளமாகிவிடும். இதைத்தான் பல் மருத்துவர்கள் ‘பாக்கெட்’ என்பார்கள். பிரஷ் அங்கே இறங்காது, காற்றும் போகாது. காற்றில்லாத இடத்தில் செழிக்கும் பாக்டீரியாக்கள், அங்கே கசியும் ரத்தத்திலும் செத்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. முதலாவது அழுகிய முட்டை வாடை, இரண்டாவது அழுகிய முட்டைக்கோஸ் வாடை. மவுத்வாஷ் கொப்பளித்தும் ஒரு மணி நேரத்தில் நாற்றம் திரும்புவது இதனால்தான். அது பள்ளத்தின் அடிவரை போவதே இல்லை.

சிகிச்சை அளவெடுப்பதில் தொடங்கும். மி.மீ. கோடு போட்ட மெல்லிய கம்பியை மருத்துவர் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் இறக்கி, “மூன்று, இரண்டு, ஐந்து” என்று சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொள்வார். ரத்தம் வந்த இடமும் குறிக்கப்படும். எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டும். அந்த அட்டவணையின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம்.

ஆழமான பாக்கெட் இருந்தால் மேலோட்டமான கிளீனிங் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டிய காரையை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கை, சுரண்டி எடுக்க வேண்டும். ஸ்கேலிங், ரூட் பிளேனிங் என்பது இதுதான். பெரும்பாலும் வாயின் ஒரு பக்கத்தை ஒரு நாளும் மறுபக்கத்தை இன்னொரு நாளும் செய்வார்கள். மரமரப்பு போகும்வரை எதையும் மெல்ல வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வோம்.

அடுத்த சில நாட்களுக்குப் பல் கூசும். பல்லுக்கு நடுவே இடைவெளி தெரியும். ‘கிளீனிங் செய்ததால் பல் ஆடுகிறது’ என்ற பயம் இங்கேதான் கிளம்புகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்கியதால் தெரியும் இடைவெளி அது. ஆட்டத்துக்கும் காரணம் ஏற்கெனவே கரைந்துபோன எலும்புதான், அதுவரை காரை மறைத்து வைத்திருந்தது. பயந்து பாதியில் நிறுத்தினால் பல்லையே இழக்க நேரலாம்.

குளோர்ஹெக்சிடின் 0.2% என்ற கிருமிநாசினி மவுத்வாஷை எழுதிக்கொடுத்தால் வழக்கமான அளவு 10 மி.லி., ஒரு நிமிடம், தினம் இரண்டு வேளை. பேஸ்ட் போட்டுத் துலக்கியதும் கொப்பளித்தால் நுரைக்கும் பொருள் மருந்தை முறித்துவிடும், அரை மணி நேரம் விடுங்கள். சொன்ன நாளுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசியும் மாறும்.

இதற்குப் பிறகு பாதி வேலை நம் கையில். பிரஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, மெல்ல அசைக்க வேண்டும். இடைவெளி உள்ள இடத்துக்கு ஃப்ளாஸைவிட, பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டி பிரஷான இன்டர்டென்டல் பிரஷ் மேல். அளவு முக்கியம்: முட்கள் இருபுறமும் உரச வேண்டும், நடுக்கம்பி பல்லில் படக் கூடாது. லொடலொடவென்று போனால் பயனில்லை, திணித்தால் ஈறு கிழியும். முதல் வாரம் ரத்தம் வரும், அதற்காக நிறுத்தாதீர்கள். தினமும் செய்தால் ஓரிரு வாரத்தில் குறையும். நாக்கின் பின்பகுதியையும் வழியுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவே தெரியாமல் நோய் முற்றும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறாது.

இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளவெடுப்பார்கள். 5 மி.மீ.க்கு மேல் ரத்தக் கசிவோடு நிற்கும் இடங்களை மீண்டும் சுரண்ட வேண்டும், அல்லது ஈறைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். எண்கள் 4-க்குக் கீழே இறங்கி, ரத்தமும் நின்று, நாக்கும் சுத்தமாக இருந்தும் வாடை போகவில்லையென்றால் டான்சில் கற்களையும் (தொண்டைச் சதையின் குழிகளில் இறுகும் படிவு) சைனஸையும் பார்க்க காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.