கேமிங் ஹெட்செட்டுக்கு ஆம்ப் வேணுமா? கீழக்கரைல அளந்து பார்த்த அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், 3.5 எம்எம் பின்னு வச்ச கேமிங் ஹெட்செட்டு பெரும்பாலானதுக்குத் தனியா ஆம்ப் (சத்தத்தப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர்) தேவையில்ல. ஆனா அத எங்க சொருவுறீங்கங்கிறது ரொம்ப முக்கியம். இது ரெண்டும் வேற வேற விஷயம், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுதான் எங்க செட்டுல பாதிப் பேரு ஆம்ப்புக்குக் காசு சேத்துக்கிட்டு இருக்கானுங்க, அதனாலதான் இதை இவ்ளோ நீளமா எழுதுறேன்.

என்கிட்ட இருக்கிறது ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2. கம்பெனி போட்டிருக்கிற கணக்கு 60 ஓம் (கரண்டுக்கு அது காட்டுற தடை), ஒரு மில்லிவாட்டுக்கு 98 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு). மச்சான் துபாய்ல இருந்து லீவுக்கு வந்தப்ப பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம் ஹெட்போன் ஒண்ணும், ஃபியோ இ10கே ஆம்ப் ஒண்ணும் கொண்டுவந்தான். வந்த அன்னைக்கே "உன் ஹெட்செட்ட இதுல போட்டுக் கேளுடா, வேற லெவல்ல இருக்கும்"னான். போட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு, மறுக்கவே மாட்டேன். ஆனா ஏன் நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியணும். சத்தம் கூடுனதாலயா, ஆம்ப்ல இருக்கிற பேஸ் சுவிட்ச் ஆன்ல கிடந்ததாலயா, இல்ல நெசமாவே என் கம்ப்யூட்டர்ல சக்தி பத்தலயா?

சக்தி பத்துதா இல்லையான்னு பார்க்க காதே வேணாம், கணக்கு போதும். 60 ஓம்ல 1 மில்லிவாட் போகணும்னா ஏறக்குறைய கால் வோல்ட்டு வேணும், அதுலயே 98 டிபி வந்துரும். 1 வோல்ட்டு குடுத்தா 16 மில்லிவாட்டுக்கு மேல போகும், சத்தம் 110 டிபி. இது எவ்ளோன்னா, அமெரிக்காவுல வேலை செய்யிறவங்க காதுக்குன்னு நியோஷ்ங்கிற அந்த நாட்டு அரசு அமைப்பு போட்டிருக்கிற வரம்பு 85 டிபி 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டிபிக்கும் நேரம் பாதியாகும், 100 டிபின்னா கால் மணி நேரம்தான். கேம்ல நாம சராசரியா 75, 80ல கேட்டுக்கிட்டு இருப்போம், குண்டு வெடிக்கிற அந்த நொடிக்கு மேல ஒரு 20 டிபி இடம் வேணும், அப்பவும் 100தான் ஆகுது. 1 வோல்ட்டு குடுக்கிற எந்த ஓட்டையும், அதாவது பின்னு சொருவுற எந்த ஜாக்கும், இந்த ஹெட்செட்டுக்குப் போதும். மச்சானோட ஆம்ப்பு 32 ஓம்ல 200 மில்லிவாட் தள்ளும், அவ்ளோவையும் என் காதுல விட்டா காது இருக்காது.

டிடி 990க்கு அதே கணக்கு போட்டா 1 வோல்ட்டுல 102 டிபி வரும். அதுவும் மோசமில்ல, ஆனா இடம் கம்மி. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வருது.

சரி, என் சிஸ்டம் 1 வோல்ட்டு குடுக்குதா? இதுக்கு நல்ல மல்டிமீட்டர் வேணும். நூத்தம்பது இருநூறு ரூவாய்க்குக் கிடைக்கிற மஞ்ச மீட்டர்ல ஏசி பக்கம் 200 வோல்ட்டுல இருந்துதான் ஆரம்பிக்கும், அதுல இந்தச் சின்ன வோல்ட்டு தெரியாது. ஏர்வாடி பக்கம் போட்டுகளுக்கு வயர்லெஸ் செட்டு, எக்கோ சவுண்டர் எல்லாம் ரிப்பேர் பாக்குற காக்கா (அண்ணன எங்க பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தர் இருக்கார், அவர்கிட்டதான் போய் நின்னேன். தடைக்காலம் வேற, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கரைல கிடக்கும், அந்த 61 நாளும்தான் அவருக்கு வேலை குவியும், அப்படி இருந்தும் சாயங்காலம் வான்னு சொல்லி உக்கார வச்சு சொல்லிக் குடுத்தார். விஷயத்தச் சொன்னதும் அவர் கேட்ட மொதக் கேள்வி, "வல்லத்துக்கு ஆறு சிலிண்டர் எஞ்சின் மாட்டுனா மீனு கூடவா படும் தம்பி? மொதல்ல உன் ஜாக்கக் காட்டு."

ஜாக்கக் காட்டுனேன். கேபினட் முன்பக்க ஜாக்கு, உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா பச்சையா களிம்பு. கடல்ல இருந்து நடந்து போற தூரத்துல வீடு, உப்புக் காத்து எந்நேரமும் வீட்டுக்குள்ளதான், கச்சான் காத்து அடிக்கிற மாசம்னா ஜன்னல் கம்பியே கையில பிசுபிசுன்னு ஒட்டும், அப்ப ஜாக்குக்குள்ள இருக்கிற அந்தத் தம்மாத்துண்டு தகடு என்ன ஆகும்? ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பட்ஸ் வச்சு (பஞ்சு உள்ள விட்டுப்போகாம மெல்லிசா சுத்திக்கணும், சிஸ்டம் ஆஃப்ல இருக்கணும்) தேய்ச்சு எடுத்ததும், ஒரு பக்கம் சத்தம் கம்மியா வந்துக்கிட்டு இருந்தது சரியாப்போச்சு. நம்ம கடக்கரை ஊர்ல இருக்கிற யாரா இருந்தாலும் ஒரு ரூவா செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க, ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி எங்க இருந்தாலும் சரி. ஹெட்செட்டு பின்னையும் துடைங்க.

அடுத்துதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. ஓட்டையோட உள் ஓம், அதாவது அதுக்குள்ளயே இருக்கிற தடை, எவ்ளோன்னு அளக்குறது. இதை யாரும் பேசுறதே இல்ல, ஆனா பாதிக் கதை இங்கதான் இருக்கு. 200 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண ஓட விட்டு, ஒண்ணும் சொருவாம ஜாக்குல வோல்ட்டு பாக்கணும். அப்புறம் 33 ஓம் ரெசிஸ்டர் ஒண்ண குறுக்கப் போட்டு அதே வால்யூம்ல திரும்பப் பாக்கணும். எவ்ளோ இறங்குதோ அதை வச்சுக் கணக்கு, முதல் வோல்ட்ட ரெண்டாவது வோல்ட்டால வகுத்து, அதுல ஒண்ணக் கழிச்சு, 33ஆல பெருக்குனா உள் ஓம் வந்துரும். என் மதர்போர்டு பின்பக்கப் பச்சை ஜாக்கு அரை வோல்ட்டுல இருந்து 0.15க்கு விழுந்துச்சு! கணக்குப் போட்டா 75 ஓமுக்குக் கொஞ்சம் மேல. காக்கா சிரிச்சுக்கிட்டே "இது ஸ்பீக்கருக்கும் ஆம்ப்புக்கும் குடுக்குற லைன் அவுட்டு, ஹெட்போனுக்குன்னு வச்சது இல்ல"ன்னார். முன்பக்க ஜாக்கு அப்படியில்ல, அரை வோல்ட்டு 0.47தான் ஆச்சு, ரெண்டு ஓம் பக்கம். ஆனா அதுல வேற நோவு, உள்ள இருந்து வர்ற வயர் கிராபிக்ஸ் கார்டு பக்கமா ஓடி வர்றதால மவுச அசைச்சா கிர்ருங்கும், கேம் ஓடுனா ஒரு இரைச்சல் கூடவே ஓடும்.

உள் ஓம் கூட இருந்தா என்ன கெடும்னு கேப்பீங்க. ஹெட்செட்டுல போட்டிருக்கிற 60 ஓம்ங்கிறது எல்லாச் சுருதிக்கும் ஒரே மாதிரி இருக்காது, கீழ பேஸ் பக்கம் ஏறும். எவ்ளோ ஏறும்ங்கிறது மாடலுக்கு மாடல் மாறும், ஒரு பேச்சுக்கு 120 ஆகுதுன்னு வச்சுக்குவோம். 75 ஓம் ஓட்டைல அதைச் சொருவுனா அந்த இடம் மட்டும் மத்த இடத்த விட 2.8 டிபி தூக்கிக்கிட்டு நிக்கும். 1 ஓம் ஓட்டைன்னா வித்தியாசம் 0.1 டிபி கூட வராது. அதாவது ஹெட்செட்டு அதே ஹெட்செட்டுதான், சொருவுற இடத்தால சவுண்டோட குணமே மாறுது. பின்பக்கம் சொருவுறப்ப பேஸு ஊதிப்போய், காலடிச் சத்தம் அதுல அமுங்குன மாதிரி இருந்ததுக்குக் காரணம் இதுதான். ஹெட்செட்டு ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குக் கீழ ஓட்டை ஓம் இருக்கணும்னு ஒரு பழைய கணக்கு சொல்லுவாங்க, 60க்கு ஏழரை, அதுக்குக் கீழ இருந்தா கவலைப்பட வேணாம்.

இப்ப மச்சானோட ஆம்ப்பு ஏன் நல்லா கேட்டுச்சுன்னு புரியுதா? அதோட உள் ஓம் ஒண்ணு பக்கம், சிஸ்டத்துக்கு வெளிய இருக்கிறதால இரைச்சல் இல்ல, போதாக்குறைக்கு பேஸ் சுவிட்சு. 200 மில்லிவாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முதல் ரெண்டு காரியத்தையும் ஒரு சாதாரண யூஎஸ்பி டாங்கிளும் (ஒரு முனைய யூஎஸ்பில சொருவுனா மறு முனைல ஹெட்போன் ஜாக்கு குடுக்கிற குட்டி வயர்) செய்யும், அப்ப ஏன் அதைப் போட்டுப் பாக்கக்கூடாதுன்னு ஆயிரம் ரூவாய்க்குள்ள ஒரு டைப்-சி டாங்கிள் வாங்குனேன். 33 ஓம் போட்டா மீட்டர்ல முள்ளு அசையிற அளவுக்குக் கூட வோல்ட்டு இறங்கல, முழு வால்யூம்ல 1 வோல்ட்டு வந்துச்சு, நம்ம கணக்குக்கு அது தாராளம்.

அடுத்து டாங்கிளையும் ஆம்ப்பையும் நேருக்கு நேர் கேக்கணும். இதுல ஒரு விஷயம் கண்டிப்பா கவனிக்கணும், சத்தம் ஒரு டிபி கூட இருந்தாலே நம்ம மூளை அதுதான் நல்ல சவுண்டுன்னு சொல்லிடும், கூடுனது சத்தம்னு தெரியவே தெரியாது. அதனால ஹெட்செட்ட ஒய் கேபிள்ல (ஒரு ஜாக்க ரெண்டாப் பிரிக்கிற வயர்) சொருவி வச்சு, மீட்டர பக்கத்துல போட்டு, ரெண்டுலயும் ஒரே வோல்ட்டு வர்ற மாதிரி வால்யூம வச்சேன். ஆம்ப்ல பேஸ் சுவிட்சு ஆஃப், கெயின் லோ. தம்பிய உக்கார வச்சு, எனக்குத் தெரியாம மாத்தி மாத்தி சொருவச் சொன்னேன், எதை மாத்துனான்னு அவன் காகிதத்துல எழுதிக்குவான். பாட்டு, வாலரண்ட்டு கேமு, சினிமா டயலாக்கு எல்லாம் கேட்டேன். பாதிக்குப் பாதிதான் சரியா வந்துச்சு, காசு சுண்டி விட்டாலும் அதான் வரும். கிளவுட் 2ல ஆம்ப்புக்கும் டாங்கிளுக்கும் என் காதுக்கு வித்தியாசமே இல்ல. ஆனா டாங்கிளுக்கும் மதர்போர்டு பின்பக்க ஜாக்குக்கும் உள்ள வித்தியாசத்த தம்பி கூடக் கேட்டுக் கண்டுபிடிச்சான், அவன் கேம் பக்கமே வராதவன்.

டிடி 990ல கதை கொஞ்சம் மாறுச்சு. அது ஓப்பன் பேக், முதுகு திறந்த ஹெட்போன். ஃபேன் அஞ்சுல ஓடுது, ஜன்னல் திறந்திருக்கு, தெருவுல மீன் வண்டி ஹாரன், எல்லாமே உள்ள வரும், நாம தானா வால்யூம ஏத்துவோம். அதோட மேல் சுருதி கூர்ப்பா இருக்கிறதால ஈக்வலைசர் போட்டுத்தான் நான் கேப்பேன், ஈக்வலைசர் ஏபிஓங்கிற சாஃப்ட்வேர்ல பேஸ 6 டிபி தூக்குனா சவுண்டு கிழியாம இருக்க ப்ரீஆம்ப்ப, அதாவது மொத்த சத்தத்தையும், 6 டிபி இறக்கணும். அப்ப டாங்கிளோட 102ல 96தான் மிச்சம். பாட்டுக்குப் போதும், ஆனா சினிமா பாக்குறப்ப, மெதுவாப் பேசுற சீன்ல, ஃபேன் சத்தத்த மீறி வரல. அங்க ஆம்ப்பு நெசமாவே வேலை செஞ்சுச்சு, நல்ல இடம் கிடைச்சுது. அதனால 250, 300 ஓம் ஹெட்போன், சென்சிட்டிவிட்டி கம்மியான, அதாவது ஒரே சக்திக்குச் சத்தம் கம்மியா வர்ற பிளானர் வகை ஹெட்போன் இதெல்லாம் வச்சிருக்கிறவங்க ஆம்ப் வாங்குறது வீணே இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி ஓமையும் டிபியையும் சேத்துப் பாருங்க, ஓம் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, அவ்ளோதான்.

கேமிங் பண்றவங்களுக்கு இன்னொரு சிக்கலும் ஆம்ப்ல இருக்கு, மைக்கு. கிளவுட் 2 பின்னுல நாலு கான்டாக்ட், மைக்கும் காதும் ஒண்ணாப் போகுது, டாங்கிள்ல சொருவுனா ரெண்டும் அப்படியே ஓடும். இ10கேல மைக் உள்ள போக வழியே கிடையாது, ஸ்ப்ளிட்டர் போட்டு மைக்கு வயர மட்டும் தனியா மதர்போர்டுக்குக் கொண்டுபோகணும், அப்ப பழைய இரைச்சல் மைக் வழியா டீம்ல இருக்கிறவனுக்குக் கேக்கும். யூஎஸ்பி ஹெட்செட்டு, வயர்லெஸ் ஹெட்செட்டு வச்சிருக்கிறவங்க இந்தப் பேச்சுக்கே வர வேணாம், உங்க ஆம்ப்பு உள்ளயேதான் இருக்கு, பெரும்பாலும் வெளிய இருந்து எதையும் சேக்க முடியாது.

ஆப்பிள் டாங்கிள் வாங்கலாமான்னு ரெண்டு பேரு கேட்டானுங்க. கம்ப்யூட்டருக்கு அருமையான சாமான், ஆனா நிறைய ஆண்ட்ராய்டு போன்ல சொருவுனா சத்தம் ரொம்பக் கம்மியா வரும், போன்ல பிஜிஎம்ஐ ஆடுறவன் அதை நம்பி வாங்காதீங்க.

லேப்டாப்காரங்களுக்கு ஒண்ணு. சார்ஜர் போட்டா மட்டும் உம்முன்னு ஒரு சத்தம் வருதா, சார்ஜரப் பிடுங்குங்க, நின்னுட்டா அது கரண்டுல இருந்து வருது, ஆம்ப் வாங்கித் தீராது. எங்க வீட்டுல எர்த் குழாய் துருப்பிடிச்சு எப்பவோ போயிருந்துச்சு, உப்பு மண்ணுல இரும்பு எத்தனை நாள் தாங்கும், எலக்ட்ரீசியன வச்சு மாத்துன அப்புறம் பாதி சத்தம் போச்சு. கரண்டு போய் இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப வர்ற மீதி சத்தம் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ங்கிறதால, அந்த நேரத்துல பேட்டரிலயே ஆடிக்கிறேன்.

சவுண்ட உண்மையிலேயே மாத்துறது எதுன்னு கேட்டா காதுல படுற பேடு, என் அனுபவத்துல ஆம்ப்ப விட நூறு மடங்கு. இங்க அடிக்கிற வேர்வைக்கு ரெக்சின் பேடு தோல் உரிஞ்சு, கன்னத்தோட ஒட்டாம இடைவெளி விழுந்துருச்சுன்னா பேஸு அது வழியாவே ஓடிப்போகும், கண்ணாடி போடுறவங்களுக்கு அதோட கம்பி பக்கத்துலயும் இதே கதை. கண்ணாடிக் கம்பிய விரலால லேசாத் தூக்கிப் பாருங்க, உங்களுக்கே தெரியும். புதுப் பேடு மாத்துன அன்னைக்கு எனக்குக் கிடைச்ச வித்தியாசம் வேற எதுலயும் கிடைக்கல. அப்புறம் வாலரண்ட்ல ஹெச்ஆர்டிஎஃப் (சத்தம் எந்தத் திசைல இருந்து வருதுன்னு காட்டுற வசதி) ஆன் பண்ணுனா, அதே வேலையச் செய்யிற ஹெட்செட்டோட 7.1 சரவுண்டு, விண்டோஸ் சோனிக் ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஓடுனா காலடி எந்தப் பக்கம்னே தெரியாது.

ஆம்ப்பு இப்ப மச்சான் டிடி 990 கூடவே இருக்கு, அதுக்குத்தான் அது சரி. என் பக்கம் டாங்கிளும் கிளவுட் 2வும், பின்னுக்கு மாசாமாசம் ஆல்கஹால். ஹெட்செட்டு டப்பாக்குள்ளயே வெல்வெட் பேடு ஒரு ஜோடி வந்துச்சு, வேர்வைக்கு அது நல்லதுங்கிறாங்க, ஆனா துணி வழியா பேஸு கசியும். அடுத்து அதை மாட்டி, ஈக்வலைசர்ல எவ்ளோ தூக்குனா பழைய பேஸு திரும்ப வருது, அப்படித் தூக்குனா டாங்கிளோட 1 வோல்ட்டு அப்பவும் போதுமான்னு பாக்கப்போறேன்.