குறுவட்டத்துக்கு முன்பே முடிவாகும் சீசன்

அரசு உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டுக்காக ஜூன் மாதம் நடக்கும் வேலைதான் அந்த வருஷம் முழுக்கப் பேசும். அக்கம்பக்கப் பள்ளிகள் மோதும் முதல் கட்டமான குறுவட்டப் போட்டிகள் (சில மாவட்டங்களில் குறுமையம் என்பார்கள்) பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வந்துவிடும். குழு ஆட்டங்கள் அங்கே நாக் அவுட் முறையில்தான் நடக்கும். காலையில் ஒரு ஆட்டம் தோற்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த அணியின் சீசன் முடிந்தது. ஜெயிக்கிறவர்கள் வருவாய் மாவட்டம் போவார்கள், அங்கும் ஜெயித்தால் மாநிலம். போட்டித் தேதி வந்த பிறகு ஒரு வாரம் பையன்களை ஓடவிட்டுக் கூட்டிப் போகும் பள்ளிகள் ஏன் வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே திரும்புகின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

முதலில் எந்தெந்த ஆட்டத்துக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள். முந்நூறு, நானூறு பேர் படிக்கும் பள்ளி எட்டு ஆட்டத்துக்குப் பெயர் கொடுப்பதில் அர்த்தமில்லை. வேகமாக ஓடும் அதே பத்துப் பிள்ளைகள்தான் கபடி, கோ-கோ, தடகளம் மூன்றிலும் இருப்பார்கள். தேதிகள் மோதும்போது மூன்றும் கெடும். பையன்களுக்கு ஒரு குழு ஆட்டம், பெண்களுக்கு ஒன்று, இரு தரப்புக்கும் தடகளம் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஆசிரியரால் உருப்படியாகச் செய்ய முடியும். பத்தாம் வகுப்போடு முடியும் பள்ளி என்பதால் 14, 17 வயதுக்குட்பட்டோர் என இரண்டு பிரிவுதான் நமக்கு. 19 வயதுப் பிரிவை மேல்நிலைப் பள்ளிகளுக்கு விட்டுவிடலாம்.

வயதுக் கணக்கு ஜனவரி 1-ஐ வைத்து. அந்த ஆண்டுக்கான பிறந்த தேதி வரம்பு சுற்றறிக்கையில் வரும், அதை மட்டுமே நம்ப வேண்டும். போன வருஷத்துத் தாளைப் பார்த்து அணி சேர்த்துவிட்டு, போட்டி நாளில் முக்கியமான ஒருவன் பிரிவு மாறிவிட்டதைக் கண்டுபிடிப்பது எல்லா மாவட்டத்திலும் நடக்கிறது. பிறப்புச் சான்று, ஆதார், எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் இணையப் பதிவு) மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஜூனிலேயே பாருங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தாலே எதிரணி மேலாளர் ஆட்சேபணை எழுப்புவார். ஆதார் திருத்தத்துக்கு நாளாகும். எமிஸ் திருத்தத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம் என்றாலும் அது போட்டிக்கு முந்தின நாள் செய்கிற வேலை இல்லை. தகுதிப் படிவத்தில் புகைப்படத்தின் மேல் பாதி விழும்படி தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

அடுத்தது களம். கபடிக்கு ஆண்கள் ஆடுகளம் 13 × 10 மீட்டர், பெண்களுக்கு 12 × 8. கண்ணளவில் போட்டால் நிச்சயம் கோணும். ஒரு மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து, இடைப்பட்ட தூரம் 5 மீட்டர் வருகிறதா என்று பார்த்தால் மூலை செங்கோணம். நான்கு மூலையும் முடிந்ததும் மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும்: 13 × 10-க்கு 16.40 மீட்டர், 12 × 8-க்கு 14.42. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் சுண்ணாம்பைத் தொட வேண்டும். நடுக்கோட்டிலிருந்து பாக் கோடு (பாடிப் போகிறவன் தாண்டியே ஆக வேண்டிய கோடு) ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். அதற்கு அப்பால் 1 மீட்டரில் கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு. இந்த இரண்டு கோடும் தப்பாக இருக்கும் களத்தில் பயிற்சி எடுத்தவன் போட்டியில் போனஸுக்குக் கால் நீட்டினால் கோட்டுக்கு நாலு விரல் முன்னாலேயே நிற்கும். காலுக்குப் பழகின தூரத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது.

மண்ணை முந்தின நாள் மாலை நனைத்து, காலையில் மேல் மண்ணைக் கொத்தி, கல், ஓட்டுத் துண்டு, முள் பொறுக்கிவிட்டு மணல் கலந்து பரப்புங்கள். செம்மண் தரையை அப்படியே விட்டால் ஆகஸ்ட் வெயிலில் சிமெண்ட் போல இறுகிவிடும். பிடித்து விழும்போது முழங்கையும் தோள்பட்டையும் அடி வாங்கும். ஒரு தடவை அப்படி அடிபட்ட பிள்ளை அடுத்த பிடிக்குப் போகவே தயங்கும். பயிற்சியாளர்கள் அதைப் பயம் என்று திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் தரையில் இருக்கிறது.

மேல்மட்டப் போட்டிகள் மண்ணில் இல்லை, மேட் எனும் விரிப்பில் நடக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. மண்ணில் ஆங்கிள் (எதிராளியின் கணுக்கால்) பிடிக்கும்போது உடம்பு சறுக்கிக்கொண்டே போகும், அதை நம்பித்தான் பையன் பாய்கிறான். மேட்டில் சறுக்காது. தோல் உராய்ந்து எரியும், கால் அப்பிக்கொண்டு முழங்கால் மட்டும் திரும்பும். மாவட்டத்தில் ஜெயித்த அணி மாநிலத்தில் முதல் ஆட்டத்திலேயே திணறுவதற்கு இது பெரிய காரணம். பக்கத்தில் மேட் வைத்திருக்கும் பள்ளியோ கிளப்போ இருந்தால், தகுதி பெற்றதும் நான்கைந்து நாளாவது கேட்டு வாங்கி ஆடவிடுங்கள். புது ஷூவை மாநிலப் போட்டிக்குப் பிரித்துப் போடவே கூடாது.

பெண்கள் கபடிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கும் பள்ளிகளைப் பார்த்தால் மனம் நிறைகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றது. அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். தங்கம் வென்ற ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ். இரண்டும் கபடி தெருவிலும் திடலிலும் தினசரி நடக்கிற ஊர்கள். நம் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். பெற்றோருக்கும் சொல்லுங்கள். பயிற்சியை மாலை 5.30-க்குள் முடித்து டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவதை உறுதி செய்தால் பாதி வீடுகளில் எதிர்ப்பு இருக்காது. கடைசி பஸ்ஸுக்கு நேரமானால் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் குறை காண முடியாது. நேரத்தை நாம்தான் மாற்ற வேண்டும்.

கோ-கோவில் நம் பள்ளிகள் இழக்கும் புள்ளிகளில் பெரும்பங்கு ஃபவுலில் போகிறது. உட்கார்ந்திருப்பவள் 'கோ' வருவதற்கு முன்பே எழுந்துவிடுவாள், அல்லது கொடுப்பவள் முதுகைத் தொடாமல் சத்தம் மட்டும் கொடுப்பாள். நடுவர் விசிலடித்துத் திருப்பி அனுப்புவதற்குள் ஓடுபவள் இரண்டு கட்டம் தள்ளிப் போய்விடுவாள். இதைச் சரிசெய்ய எதிராளியே வேண்டாம். எட்டுக் கட்டத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒருத்தியை மெதுவாக நடக்கவிட்டு, ஒவ்வொரு முதுகிலும் கை பட்ட அதே நொடியில் 'கோ' என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு வாரம் நடை, பிறகுதான் ஓட்டம். தற்காப்பில் மூன்று மூன்று பேராக இறங்குவார்கள். நன்றாக ஓடும் மூவரையும் முதல் அணியிலேயே இறக்கிவிட்டால் அவர்கள் அவுட்டானதும் மீதி நேரம் சரிந்துவிடும். ஒவ்வொரு மூவரிலும் ஒருத்தியாவது நிதானமாகச் சங்கிலி ஓட (உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட) தெரிந்தவளாக இருக்கட்டும்.

வாலிபாலைப் பற்றி ஒன்றே ஒன்று. வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. சிறுவர் பிரிவுக்கு அந்தந்தப் போட்டியில் என்ன உயரம் என்று கேட்டு, அந்த உயரத்தில் கட்டிப் பழக்குங்கள். நடுவில் தொய்ந்த வலையில் ஸ்மாஷ் பழகியவன் போட்டியில் பந்தை வலையிலேயே அடிப்பான்.

தடகளத்தில் ஒரு சாதாரணப் பள்ளி குறைந்த செலவில் பதக்கம் எடுக்கக்கூடிய இடம் 4 × 100 தொடரோட்டம். மாவட்டத்திலேயே வேகமான ஒருவன் நம்மிடம் இல்லாவிட்டாலும் பேட்டன் மாற்றம் சுத்தமாக இருந்தால் நான்கு சுமாரான பிள்ளைகள் நல்ல ஓட்டக்காரர்கள் இருக்கும் அணியை முந்தலாம். பேட்டனுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்: 40 மி.மீ. பி.வி.சி. குழாயை 29 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, முனையை உப்புத்தாளால் தேய்த்தால் போதும். விதிப்படி நீளம் 28 முதல் 30 செ.மீ. வரை.

முதல் ஆள் வலது கையில், இரண்டாமவன் இடது, மூன்றாமவன் வலது, கடைசி ஆள் இடது. வாங்கிய பிறகு யாரும் கை மாற்றக் கூடாது. முதல் ஆளும் மூன்றாவது ஆளும் வளைவில் ஓடுகிறவர்கள். பேட்டன் வலது கையில் இருந்தால் தடத்தின் உள்கோட்டை ஒட்டியே ஓடலாம். இது 400 மீட்டர் தடத்தின் கணக்கு. பல குறுவட்டங்களில் 200 மீட்டர் மண் தடம்தான் இருக்கும். அங்கே எல்லோருமே வளைவு ஓட வேண்டும், திருப்பமும் குறுகல். நேர்கோட்டில் மட்டும் பறக்கிற நெட்டைப் பையன் அங்கே வெளியே தள்ளப்படுவான்.

மாற்றும் பகுதி 30 மீட்டர். வாங்குகிறவன் அதன் தொடக்கத்தில் நிற்பான். அங்கிருந்து பின்னோக்கி, பாதத்தோடு பாதம் ஒட்டிவைத்து 20 அடி எண்ணி ஒரு குறி போடுங்கள். கொடுப்பவன் அந்தக் குறியைத் தாண்டும் நொடியில் வாங்குகிறவன் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். கொடுப்பவன் சீக்கிரமே வந்து முட்டினால் வாங்குகிறவன் தாமதமாகக் கிளம்பியிருக்கிறான். குறியை இரண்டு அடி தள்ளிப் போடுங்கள். எட்டிப் பிடிக்கவே முடியாவிட்டால் இரண்டு அடி கிட்டே கொண்டுவாருங்கள். 'கை' என்ற குரல் வந்த பிறகுதான் கை பின்னால் போக வேண்டும். முன்னாலேயே கையை நீட்டிக்கொண்டு ஓடுபவன் வேகத்தைத் தொலைக்கிறான். திரும்பிப் பார்க்கவும் கூடாது. மாற்றம் முதல் 20 மீட்டரைத் தாண்டி, 25-க்குள் முடிந்தால் அருமை. கணக்கு பேட்டனுக்குத்தான், காலுக்கு இல்லை: பேட்டன் பகுதிக்குள் கைமாறியிருந்தால் சரி. கீழே விழுந்தால் விட்டவன்தான் எடுக்க வேண்டும். இதைச் சொல்லித் தராததால் வாங்குகிறவன் குனிந்து எடுத்துத் தகுதியிழந்த அணிகள் ஏராளம். இந்தப் பயிற்சியைக் களைத்த பிறகு வைக்காதீர்கள். களைத்த காலில் போட்ட குறி போட்டி நாளில் பொய்யாகிவிடும்.

சாப்பாடு. போட்டி நாளில் காலை ஆறரைக்கு வண்டி ஏறும் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறும் வயிறு. இட்லி முடியாவிட்டாலும் வாழைப்பழம், கடலை மிட்டாய், தண்ணீர் வண்டியிலேயே இருக்க வேண்டும். மதியம் ஆட்டத்துக்கு இடையில் பிரியாணிப் பொட்டலம் வாங்கித் தரும் நல்ல மனசுக்காரர்களைக் கும்பிட்டு, அதை ஆட்டம் முடிந்ததும் தரச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளில் சீக்கிரம் மூச்சு வாங்குகிறவளைச் சோம்பேறி என்று ஒதுக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று தூக்கிப்போடுகிறாளா என்றும் கேளுங்கள். மதிய உணவுக்குப் பிறகு கொடுத்தால் குமட்டல் குறையும்.

கணுக்கால் பிசகினால் ஊரில் உடனே சுளுக்கு எடுக்கக் கூட்டிப் போவார்கள். முதல் இரண்டு நாள் உருவுவதும் சூடு வைப்பதும் வீக்கத்தை ஏற்றிவிடும். துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து இருபது நிமிஷம், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் போதும். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் மேல் அழுத்தினால் துடிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அரையிறுதி இருக்கிறது என்று ஊசி போட்டு இறக்குவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு குறுக்கே வரும். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெல்டா, கடலோர மாவட்டங்களில் திடலில் கால் வைக்க முடியாது. மாநிலத்துக்குத் தகுதி பெற்ற அணி அந்த வாரங்களில்தான் துருப்பிடிக்கிறது. வராந்தாவில் ஸ்குவாட், ஸ்கிப்பிங், கபடி ஜோடிப் பிடி, பேட்டன் கைமாற்றம் என்று தினம் நாற்பது நிமிஷம் ஓட்டலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டுக்குப் பிறகு வீட்டில் நிறுத்திவிடுவார்கள் என்பதால், 17 வயது அணியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியாவது இருக்கும்படி ஜூனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் நேரம், தாண்டிய தூரம், ஆடிய இடம், அடிபட்ட விவரம் ஒரு நோட்டில் ஏறட்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் நோட்டு பள்ளியில் இருக்கும். சான்றிதழ்களை நகலெடுத்து அசலைப் பெற்றோர் கையில் கொடுங்கள். விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி வரும். பள்ளி மூடிவிட்டால் தகவல் போய்ச் சேராது. விண்ணப்பிக்கத் தகுதியான பிள்ளைகளின் வீட்டு எண்ணை மார்ச் மாதமே வாங்கி வையுங்கள்.